இணையவழிச் சமூகச் செயல்பாடு என்றால் என்ன? சவூதிப் பெண்கள் காரோட்டிய கதையின் வழியே ஓர் அறிமுகம்

2011 மே மாதத்தில், சவூதி அரேபியாவின் கிழக்குக் கடற்கரை நகரமான அல்-கோபரில், 32 வயதான மனால் அல்-ஷரீஃப் என்ற பெண் காரோட்டிச் சென்றார். அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றியவர் அவர். பக்கத்து இருக்கையில் இருந்தபடி அதைப் படம்பிடித்தவர் வஜீஹா அல்-ஹுவைதர் என்ற மூத்த செயற்பாட்டாளர். ஒரு பெண் சாலையைப் பார்த்துக்கொண்டே, பெண்கள் ஏன் வண்டியோட்ட வேண்டியிருக்கிறது என்று நிதானமாகப் பேசுகிறார். அந்தக் காணொளியில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் யூடியூபில் ஏற்றப்பட்ட ஒரு நாளுக்குள் அதை ஏறத்தாழ 7 லட்சம் முறை மக்கள் பார்த்தார்கள். சில நாள்களில் மனால் கைது செய்யப்பட்டு, ஒன்பது நாள் சிறையில் இருந்தார்.

'இணையவழிச் சமூகச் செயல்பாடு' என்ற சொல்லை இன்று அடிக்கடி கேட்கிறோம். அது எதைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்ச்சியைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சட்டத்தையோ வழக்கத்தையோ மாற்ற விரும்பும் மக்கள், தம்மைப் போன்ற பிறரைக் கண்டறியவும், தமக்கு நேர்ந்ததைத் தம் வாயாலேயே பொதுவில் சொல்லவும், ஒரு கூட்டுச் செயலுக்கு நாள் குறிக்கவும், அதிகாரத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலையை உண்டாக்கவும் இணையத்தைப் பயன்படுத்துவதே அதன் பொருள். ஒரு செய்தியைப் பார்த்துக் கோபப்பட்டுக் கருத்து எழுதுவது மட்டும் இதில் அடங்காது. கருத்து, செயலை நோக்கி யாரையாவது நகர்த்தும்போதுதான் அது செயல்பாடாகிறது.

சவூதியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கூட்டம் கூடவும் ஊர்வலம் போகவும் உரிமையுள்ள நாடுகளில் இணையம் ஒரு துணைக்கருவி. அது இல்லாமலும் போராட வழி இருக்கிறது. சவூதியிலோ அரசியல் கட்சிகள் கிடையாது; உரிமம் பெறாத சங்கங்களுக்கு இடமில்லை; 2011 மார்ச்சில் பொது ஆர்ப்பாட்டங்கள் தடை செய்யப்பட்டவை என்று உள்துறை அமைச்சகம் வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. மற்ற வழிகளெல்லாம் அடைபட்டிருந்த அந்த இடத்தில், இணையத்தால் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பது கலப்பில்லாமல் தெரிகிறது.

பெண்கள் காரோட்டக் கூடாது என்று அந்நாட்டின் போக்குவரத்துச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. பெண்களுக்கு ஓட்டுநர் உரிமம் வழங்கப்படவில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டுவது குற்றம். தடை இந்த வகையில்தான் நின்றது. நகரங்களுக்கு வெளியே, பாலைவனக் குடியிருப்புகளில் பெண்கள் வண்டியோட்டுவது கண்டும் காணாமல் விடப்பட்டது. இதற்கு மேலே ஆண் காப்பாளர் முறை இருந்தது. தந்தை, கணவர், சகோதரர், சில நேரங்களில் பெற்ற மகன் என யாராவது ஓர் ஆணின் அனுமதி இல்லாமல் வயதுவந்த ஒரு பெண் கடவுச்சீட்டுப் பெறவோ வெளிநாடு செல்லவோ திருமணம் செய்துகொள்ளவோ அன்று முடியாது. எனவே காரோட்டும் கோரிக்கை வெறும் போக்குவரத்துச் சிக்கல் அன்று. யார் துணையுமின்றி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போகும் முடிவைப் பெண் தானே எடுக்கலாமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

இந்தத் தடையின் மறுபக்கம் நமக்குத் தொலைவானதும் அன்று. வீட்டுப் பெண்களைப் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் கடைக்கும் அழைத்துச் செல்ல வெளிநாட்டு ஓட்டுநர் வேண்டும் என்பதால்தான், 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் தெற்காசியாவிலிருந்து பல லட்சம் ஆண்கள் அந்நாட்டுக்குப் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள் அவர்களில் ஏராளம். ஒரு நாட்டுப் பெண்ணின் கையில் சாவி இல்லாததால், இன்னொரு நாட்டு ஆண் தன் மனைவி மக்களைப் பிரிந்து, பிறர் வீட்டு வாசலில் அழைப்புக்காகக் காத்திருந்தான். சவூதியில் வேலைக்குப் போன பெண்களோ தங்கள் சம்பளத்தின் பெரும் பங்கை அந்த ஓட்டுநருக்காகச் செலவிட்டார்கள். ஓட்டுநர் வைக்க வசதியில்லாதவர்கள் வீட்டு ஆண்களின் நேரத்தை எதிர்பார்த்திருந்தார்கள்.

பெண்கள் இந்தத் தடையை முதன்முதலில் மீறியது இணையக் காலத்தில் அன்று. 1990 நவம்பர் 6 அன்று, ஈராக் குவைத்தைக் கைப்பற்றியிருந்த நெருக்கடிக் காலத்தில், ரியாத் நகரில் 47 பெண்கள் வரிசையாகக் கார்களை ஓட்டிச் சென்றார்கள். அவர்களில் பேராசிரியர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள். தடுத்து நிறுத்தப்பட்டார்கள், கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, வேலையில் இருந்தவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அத்துடன் முடியவில்லை. அவர்களுடைய பெயர்களையும் தொலைபேசி எண்களையும் அச்சிட்ட துண்டறிக்கைகள் ஊரெங்கும் பரவின. அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அவை தூற்றின. அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த தடையை அரசு அதன் பிறகு முறையான ஆணையாக அறிவித்தது.

1990-ஐயும் 2011-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இணையம் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது விளங்கும். துணிச்சலில் இரண்டு தலைமுறைக்கும் வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் எந்த முன்மாதிரியும் இல்லாமல் இறங்கிய அந்த 47 பேரின் துணிச்சலே பெரிது என்பேன். ஆனால் அவர்கள் செய்ததைப் பற்றி நாட்டு மக்கள் அறிந்ததெல்லாம் அவர்களைத் தூற்றியவர்கள் எழுதியதுதான். அவர்களுடைய முகமோ குரலோ காரணமோ மக்களிடம் போய்ச் சேரவில்லை. மனாலை மக்கள் முதலில் பார்த்தது அவருடைய சொந்தக் காணொளியில். அவரைப் பற்றிய பழிச்சொற்கள் பிறகுதான் வந்தன. தலையில் முக்காடுடன், பொறுமையாகப் பேசிக்கொண்டு போகும் ஒரு பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களிடம், அவள் நாட்டைக் குலைக்க வந்தவள் என்று சொல்லி நம்பவைப்பது கடினம். நடந்ததை முதலில் சொல்லும் வாய்ப்பு பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதுதான் இணையவழிச் செயல்பாட்டின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னரே.

இடைப்பட்ட காலத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2007-இல் வஜீஹா அல்-ஹுவைதரும் தோழியரும், 1,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவொன்றை அரசர் அப்துல்லாவுக்கு அனுப்பினார்கள். 2008-இல் அனைத்துலகப் பெண்கள் நாளன்று, நகருக்கு வெளியே உள்ள சாலையொன்றில் தாம் காரோட்டும் காட்சியை அவர் யூடியூபில் வெளியிட்டார். மூன்றாண்டுக்குப் பிறகு மனாலைப் படம்பிடித்த கை அவருடையது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் ஒரே இரவில் வெடித்ததாகத் தோன்றும் இயக்கங்கள் பலவற்றின் பின்னே இப்படிப் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

மனாலைத் தூண்டியது ஒரு மாலை நேரத்து அனுபவம். மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டி கிடைக்காமல் சாலையோரம் நடந்த அவரை, காரில் வந்த ஒருவன் விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தான். இத்தனைக்கும் அவருக்கு நன்றாகக் காரோட்டத் தெரியும். அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில் உரிமமும் பெற்றிருந்தார். டுனீசியாவிலும் எகிப்திலும் மக்கள் எழுச்சி நடந்து முடிந்திருந்த மாதங்கள் அவை. எகிப்தில் அஸ்மா மஹ்ஃபூஸ் என்ற இளம்பெண், ஜனவரி 25 அன்று தஹ்ரீர் சதுக்கத்துக்கு வாருங்கள் என்று கேமராவைப் பார்த்துப் பேசிய காணொளியை அரபு உலகமே பார்த்திருந்தது. மனாலும் தோழியரும் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் 'காரோட்டும் பெண்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, 2011 ஜூன் 17 என்று நாள் குறித்தார்கள்.

அவர்கள் விடுத்த அழைப்பு எப்படி அமைந்திருந்தது என்பதை, இத்துறையைப் புதிதாக அறிய வருபவர்கள் நின்று கவனிக்க வேண்டும். ஊர்வலம் கிடையாது, ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை, முழக்கம் தேவையில்லை. வெளிநாட்டு உரிமம் வைத்திருக்கும் பெண்கள், தம் அன்றாட வேலைக்காக, அவரவர் வண்டியை, அவரவர் தெருவில் ஓட்டினால் போதும் என்றார்கள். கூட்டம் கூடினால்தான் அது ஆர்ப்பாட்டம். தனித்தனியே கடைக்குப் போகும் பெண்களை எந்தப் பெயரிட்டுத் தடுப்பது? ஒவ்வொருத்தியும் தனியாக இருந்தாலும், அதே நேரத்தில் வேறு நகரங்களில் வேறு பெண்களும் ஓட்டுகிறார்கள் என்பதைக் கைப்பேசி அவளுக்குச் சொன்னது. தனித்தனியாக இருந்துகொண்டே கூட்டாகச் செயல்படுவது இணையத்திற்கு முன் ஏறத்தாழ இயலாத காரியம்.

அன்று ஓட்டியவர்கள் சில பத்துப் பேர்தான். ஃபேஸ்புக்கிலோ, பக்கம் அகற்றப்படுவதற்கு முன்பே 12,000-க்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்திருந்தார்கள். இந்த இடைவெளியைக் காட்டி, இணையப் போராட்டம் விரல்நுனி வீரம் மட்டுமே என்று சிலர் தள்ளிவிடுவார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஒரு சமூகத்தில் பலர் மனத்துக்குள் ஒரு வழக்கத்தை வெறுத்தாலும், தான் மட்டுமே அப்படி நினைப்பதாக ஒவ்வொருவரும் நம்பும்வரை அந்த வழக்கம் அசையாமல் நிற்கும். 12,000 பேர் என்ற எண் அந்தத் தனிமையை உடைத்தது. சாலைக்கு வந்த சில பத்துப் பேரில் ஒருவரான மஹா அல்-கஹ்தானி, ரியாத் நகரில் கணவரை அருகில் அமர்த்திக்கொண்டு காரோட்டினார். அவருக்குக் கிடைத்தது சவூதி உரிமம் இல்லாமல் ஓட்டியதற்கான சாதாரணப் போக்குவரத்துச் சீட்டு. பாவமாகவும் துரோகமாகவும் பேசப்பட்ட ஒரு செயல், அந்தச் சீட்டில் வெறும் விதிமீறலாகச் சுருங்கியது. எதிரிகள் எண்ணியும் பார்க்காத வெற்றி அது.

இணையம் பெண்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரோட்டும் பெண்களை, ஆண்கள் தலையில் அணியும் 'இகால்' என்ற கருங்கயிற்றால் அடியுங்கள் என்று அழைத்த ஃபேஸ்புக் பக்கமும் அதே வாரங்களில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஜித்தாவில் காரோட்டிய ஷைமா ஜஸ்தானியா என்ற பெண்ணுக்கு நீதிமன்றம் 10 கசையடி விதித்தது. அரசர் அதை ரத்துச் செய்தார். அந்தச் செய்தி முதலில் வெளிவந்தது அரச குடும்பத்துப் பெண்ணொருவரின் ட்விட்டர் பதிவில். ஆட்சியாளர்களும் அந்த மேடையைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஹேஷ்டேக் என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிடலாம். ஒரு சொல்லின் முன்னே கட்டக் குறியிட்டு எழுதினால், அதே சொல்லை அப்படிக் குறித்த எல்லாப் பதிவுகளும் ஓரிடத்தில் தொகுந்து தெரியும். ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேரின் பேச்சை ஒரே திண்ணைக்குக் கொண்டுவரும் எளிய உத்தி இது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ட்விட்டரை மிக அதிகமாகப் பயன்படுத்திய நாடுகளில் ஒன்றாகச் சவூதி இருந்ததால், அங்கே இந்த உத்திக்குத் தனி வலிமை இருந்தது. 2013 அக்டோபர் 26 என்று மீண்டும் நாள் குறிக்கப்பட்டபோது, இணைய மனுவில் 16,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மனுவைத் தாங்கிய தளம் ஊடுருவப்பட்டு முடக்கப்பட்டது. அந்த மாதத்தில் லூஜைன் அல்-ஹத்லூல் என்ற இளம்பெண், தந்தை உடனிருக்க, ரியாத் விமான நிலையத்திலிருந்து வீடுவரை ஓட்டிய காட்சியை வெளியிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் அமீரகத்திலிருந்து எல்லை கடந்து காரோட்டி வர முயன்றதற்காக அவர் 73 நாள் காவலில் வைக்கப்பட்டார்.

2016-இல் கோரிக்கை காரிலிருந்து நகர்ந்து ஆண் காப்பாளர் முறையையே நேரடியாகத் தொட்டது. 'எனக்கு நானே காப்பாளர்' என்ற பொருளுள்ள ஹேஷ்டேக்கின் கீழ்ப் பெண்கள் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார்கள். 14,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவை எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற கணினியியல் விரிவுரையாளரான அஸீஸா அல்-யூசுஃப் அரசவைக்கு நேரில் சென்றார். தபாலில் அனுப்புமாறு சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஏறத்தாழ 2,500 பெண்கள் அரசருக்குத் தனித்தனியே தந்தி அனுப்பினார்கள். ட்விட்டரில் பிறந்த ஓர் இயக்கம் தந்தி அலுவலகம்வரை போனது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. திரையில் உண்டான வேகத்தை அதிகாரத்தின் மேசைமேல் இறங்கும் காகிதமாக மாற்ற வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

2017 செப்டம்பர் 26 அன்று அரசர் சல்மான், பெண்களுக்கு ஓட்டுநர் உரிமம் வழங்க ஆணையிட்டார். 2018 ஜூன் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2019 ஆகஸ்டில், 21 வயது நிறைந்த பெண்கள் காப்பாளர் அனுமதியின்றிக் கடவுச்சீட்டுப் பெற்றுப் பயணம் செய்யலாம் என்ற மாற்றமும் வந்தது. இவை இணையப் போராட்டத்தால் மட்டும் கிடைத்தவை என்று சொன்னால் அது உண்மையாகாது. 2014-க்குப் பின் எண்ணெய் விலை சரிந்தது. 2016-இல் அறிவிக்கப்பட்ட 'விஷன் 2030' திட்டம், பெண்களை வேலைக்குக் கொண்டுவராமல் நாட்டின் பொருளாதாரம் தழைக்காது என்று கணக்கிட்டது. வேலைக்குப் போக வேண்டிய பெண்ணைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துவிட்டு அந்தக் கணக்கை நேராக்க முடியாது. அரசுக்குத் தேவை வந்தபோது கதவு திறந்தது என்பது மெய். ஆயினும் அந்தத் தேவை வந்தபோது, எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரிந்திருந்ததற்கு, கால் நூற்றாண்டாக அந்தக் கதவைத் தட்டிய பெண்களே காரணம்.

அந்தப் பெண்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவு பெறாது. ஆணை நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2018 மே மாதத்தில், லூஜைன், அஸீஸா அல்-யூசுஃப், வலைப்பதிவரும் பேராசிரியருமான ஈமான் அல்-நஃப்ஜான் உள்ளிட்ட பலர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய முகங்களின் மீது 'துரோகி' என்று முத்திரை குத்திய படங்கள், அவர்கள் பயன்படுத்திய அதே சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டன. 1990-இன் துண்டறிக்கை புது வடிவில் திரும்பி வந்தது. விசாரணையில் மின்னதிர்ச்சியும் அடியும் பாலியல் துன்புறுத்தலும் நேர்ந்ததாகக் குடும்பத்தினரும் மனித உரிமை அமைப்புகளும் கூறின, அரசு மறுத்தது. ஜூன் 24 அன்று ரியாத் சாலைகளில் பெண்கள் கையசைத்தபடி ஓட்டிச் சென்ற படங்களை உலகம் கண்டபோது, அந்த உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களில் சிலர் கம்பிகளுக்குப் பின்னே இருந்தார்கள். உரிமையை அரசர் கொடுத்த பரிசாக மட்டுமே மக்கள் நினைக்க வேண்டும், கேட்டுப் பெற்றதாக நினைக்கக் கூடாது என்பதே அந்தக் கைதுகளின் செய்தி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஒருவரை உலகுக்குக் காட்டும் கருவியே அவரைக் காட்டிக்கொடுக்கவும் வல்லது. சவூதி அரசுக்காகப் பயனர்களின் தகவல்களை உளவறிந்ததாக, ட்விட்டரின் முன்னாள் ஊழியர்கள் இருவர்மீது 2019-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. அவர்களில் ஒருவர் குற்றவாளி என 2022-இல் தீர்ப்பு வந்தது. அதே 2022-இல், பிரிட்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சல்மா அல்-ஷெஹாப் என்ற இளம் தாய்க்கு, சிறைப்பட்ட செயற்பாட்டாளர்களை ஆதரித்து ட்விட்டரில் எழுதியதற்காக, மேல்முறையீட்டு நீதிமன்றம் 34 ஆண்டுச் சிறை விதித்தது. பின்னர் அது குறைக்கப்பட்டது. மனால் அல்-ஷரீஃப், தமக்குக் குரல் கொடுத்த ட்விட்டர் கணக்கை 2018-இல் ஒரு மேடையில் பார்வையாளர்கள் முன்னிலையிலேயே நீக்கினார். இணையவழிச் செயல்பாட்டைப் பற்றிப் படிக்கும் இளம் பெண்களுக்கு இந்தப் பகுதியை மறைக்காமல் சொல்வது நம் கடமை. தம் பெயரையும் முகத்தையும் எந்த அளவுக்கு வெளியிடுவது என்ற முடிவை அவர்களே எடுக்க வேண்டும். அதற்கு ஆபத்து என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லூஜைனுக்குப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2020 டிசம்பரில் 5 ஆண்டு 8 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர் உள்ளே இருந்த காலமெல்லாம், வெளிநாட்டில் வாழ்ந்த சகோதர சகோதரிகள் அதே ஹேஷ்டேக்குகளையும் காணொளிகளையும் மனுக்களையும் கொண்டு அவர் பெயரை உலகம் மறந்துவிடாமல் காத்தார்கள். 1,001 நாள்களுக்குப் பிறகு, 2021 பிப்ரவரி 10 அன்று, அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை உலகம் அறிந்தது அவருடைய தங்கை லீனா ட்விட்டரில் இட்ட ஒரு வரிப் பதிவின் மூலம். வெளிநாடு செல்ல அவருக்கு விதிக்கப்பட்ட தடை மட்டும் அன்றும் நீங்கவில்லை.